அண்ணி கல்யாணத்துக்கு நான் வைத்த பூக்கள்

அண்ணியின் மாடு இரண்டு நாளாக அசை போடவில்லை. வைக்கோலை முகர்ந்து பார்க்கும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மூன்றாம் நாள் காலை அதன் இடப்பக்க வயிறு உப்பிப்போய், நின்ற இடத்திலேயே முனகத் தொடங்கியது. அண்ணி பெருங்காயத்தைக் கரைத்துப் புகட்டிப் பார்த்தார். பலனில்லை. என் கணவர் உத்திரமேரூருக்குப் போய் மாட்டாஸ்பத்திரி டாக்டரைக் கையோடு அழைத்து வந்தார்.

அண்ணி என்று நான் சொல்வது என் கணவரின் அக்காவை. அப்போது அவருக்கு நாற்பத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை. ஆகவேண்டிய வயதில் அவருடைய அம்மா பக்கவாதத்தில் படுத்துவிட்டார். ஒன்பது வருஷம் அம்மாவைத் தூக்கி உட்காரவைத்து, குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, அவர் போன பிறகு பார்த்தால் பெண் கேட்டு வர யாரும் இல்லை. நான் மருமகளாக வந்தபோது இந்த வீட்டில் என் கணவரும் அண்ணியும் மட்டும்தான். என் பிள்ளைகள் இரண்டு பேரையும் தோளில் போட்டு வளர்த்தது அவர். அவருக்கென்று இருந்தது அந்த மாடு ஒன்றுதான். காலையும் மாலையும் அதன் பாலை அலுமினிய கேனில் எடுத்துக்கொண்டு சொசைட்டிக்கு நடந்து போவார்.

டாக்டர் தட்டிப் பார்த்தார், காதை வைத்துக் கேட்டார். "உள்ளே என்னவோ அடைச்சிருக்கு. வயித்தைத் திறந்துதான் பாக்கணும்" என்றார்.

கொட்டகையிலேயே மாட்டை நிற்கவைத்து, விலா ஓரம் மரத்துப்போக ஊசி போட்டு, மயிரைச் சிரைத்துவிட்டுக் கீறினார். அவரோடு வந்த உதவியாளர் மாட்டைப் பின்னாலிருந்து அணைத்துப் பிடித்துக்கொண்டார். அண்ணி தலைக்கயிற்றைப் பிடித்தபடி, மாட்டின் நெற்றியில் தன் நெற்றியை வைத்து, "தோ ஆச்சி, தோ ஆச்சி கண்ணு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். டாக்டர் தோள்வரை உறை மாட்டிய கையை உள்ளே விட்டு, பிடி பிடியாக அள்ளி வெளியே போட்டார். பச்சையாக, பிசைந்த மாவு மாதிரி இருந்தது. நடுவில் கட்டி கட்டியாக எதுவோ.

உதவியாளர் ஒரு கட்டியைக் கழுவிப் பார்த்தார். "இன்னா சார் இது? பஞ்சு மாரியும் கீது, மண்ணு மாரியும் கீது."

எனக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது.

நான் பூ அலங்காரம் செய்கிறவள். காஞ்சிபுரத்தில் ஒரு அலங்காரக்காரரிடம் நான்கு வருஷம் வேலை செய்துவிட்டு, பிறகு சொந்தமாகச் செய்ய ஆரம்பித்தேன். மேடை, வாசல், காது குத்து, மஞ்சள் நீராட்டு எதற்கும் போவேன். பூவைக் குத்தி நிறுத்த எங்கள் தொழிலில் ஒரு பச்சை ஸ்பான்ஜ் உண்டு. செங்கல் அளவில் இருக்கும், காற்றுப்போல் எடையில்லாமல் இருக்கும். தண்ணீரில் போட்டால் ஊறிக் கனக்கும். எந்தக் காம்பையும் எந்தக் கோணத்திலும் குத்தலாம், நின்றுகொள்ளும். ஆனால் மக்காது, கரையாது. விரலால் தேய்த்தால் பச்சைப் பொடியாக உதிரும். போன வாரம் ஒரு வரவேற்பு முடிந்து வாடிய பூக்களை வண்டியோடு கொண்டுவந்து வீட்டுக்குப் பின்னால் குப்பைமேட்டில் கொட்டியிருந்தேன். பூதானே என்று நினைத்தேன். அதோடு ஒட்டியிருந்த ஸ்பான்ஜைப் பிரித்தெடுக்கச் சோம்பல். மாடு அவிழ்த்துக்கொண்டு போய்ப் பூவைத் தின்றபோது அதையும் சேர்த்துத் தின்றிருக்கிறது.

"அது பூ குத்தற ஸ்பான்ஜ் சார்" என்றேன்.

டாக்டர் தைக்கத் தொடங்கினார். அண்ணி மாட்டின் நெற்றியிலிருந்து தலையை எடுக்கவில்லை.

மாடு பிழைத்தது. பால் மட்டும் வற்றிவிட்டது. தையல் பிரிக்கும்வரை தினமும் காயத்தைக் கழுவி மருந்து போட அந்த உதவியாளர் வந்தார். பழையசீவரத்துக்காரர். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், முன் தலை வழுக்கை, பேச்சு குறைவு. சைக்கிள்போல மெதுவாக ஒரு மொபெட்டை ஓட்டிக்கொண்டு சாயங்காலம் வருவார். அண்ணி தண்ணீர் சுடவைத்துத் தயாராக நிற்பார்.

என்னிடம் அண்ணி எப்போதும் போலத்தான் இருந்தார். காலையில் காபி வைத்தார், பிள்ளைகளுக்குத் தலை வாரினார். ஆனால் அந்த விஷயத்தை மட்டும் எடுக்கவே இல்லை. அது எனக்குத் தாங்கவில்லை. ஐந்தாம் நாள் கொட்டகைக்குப் போய், "அண்ணி, அது நான் கொட்டினதுதான்" என்றேன்.

"தெரியும்மே. டாக்டர் வெளிய எடுக்கறப்பவே உன் மூஞ்சியப் பாத்தேன். வுடு. சாப்ட்டியா?"

அவ்வளவுதான். அவர் திட்டியிருந்தால் அழுதுவிட்டுப் போயிருப்பேன். வீட்டில் மிச்சமிருந்த ஸ்பான்ஜ் பெட்டி இரண்டையும் காஞ்சிபுரத்தில் பழைய முதலாளியிடமே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

விட்டுவிட்டேனே தவிர, அது இல்லாமல் எப்படி வேலை செய்வது என்று தெரியவில்லை. கோழிக் கூண்டுக்கு அடிக்கும் கம்பி வலையைச் சுருட்டிக் குடத்துக்குள் திணித்துப் பார்த்தேன். பூ நின்றது, ஆனால் பூவைவிடக் கம்பிதான் அதிகம் தெரிந்தது. ஒரு காது குத்தில் ஈர மணலில் குத்தி வைத்தேன். தாய்மாமன் மேடை ஏறிய அதிர்வில் மொத்தமும் சாய்ந்து, அவர் புதுச் சட்டையில் சேறு. அந்த வீட்டம்மா கூட்டத்துக்கு நடுவிலேயே கத்தினார். "பூ வைக்கத் தெர்லன்னா ஏம்மா வர்ற? நல்ல நாளும் அதுவுமா ஒரே பேஜாரு!" வண்டியில் திரும்பி வரும்போது என் கணவர், "பேசாம அதையே வாங்கிக்கோயேன். குப்பையில கொட்டாம பாத்துக்கினா போச்சி" என்றார். எனக்கும் அந்த எண்ணம் வராமல் இல்லை.

அடுத்த நாள் கொட்டகைப் பக்கம் போனேன். குலை வெட்டிய வாழை மரத்தை அண்ணி அரிவாளால் வட்டம் வட்டமாக நறுக்கி மாட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வெட்டுக்கும் தண்ணீர் கசிந்து கல்லை நனைத்தது. ஒரு துண்டைக் கையில் எடுத்தேன். கனமாக, குளிர்ச்சியாக, உள்ளே சிறு சிறு அறைகளில் நீர் தேங்கி இருந்தது. வேலியில் இருந்த சாமந்தியை ஒடித்து அதில் குத்தினேன். காம்பு மடங்கியது. உடைந்த குடைக்கம்பி ஒன்றைத் தேடி எடுத்துவந்து முதலில் துளை போட்டுவிட்டுக் குத்தினேன். நின்றது. கவிழ்த்துப் பார்த்தேன், விழவில்லை. அதைச் சமையலறை ஜன்னலில் வைத்துவிட்டு தினமும் பார்த்தேன். மூன்றாம் நாளும் வாடவில்லை.

இந்தச் சமயத்தில் தையல் பிரித்து ஒரு மாதம் ஆகியிருந்தது. ஆனாலும் பழையசீவரத்துக்காரர் வாரம் ஒரு முறை வருவது நிற்கவில்லை. மாட்டைத் தடவிப் பார்ப்பார், "நல்லா கீது" என்பார், அண்ணி தரும் மோரைக் குடித்துவிட்டுப் போவார். அவருக்கு மனைவி இறந்து ஆறு வருஷம். பிள்ளைகள் இல்லை. நான் கவனிக்காதவள் மாதிரி கவனித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் நான் கொட்டகைக்குப் பின்னால் வாழைமட்டை உரித்துக்கொண்டிருந்தபோது இருவரும் பேசுவது கேட்டது. நான் அங்கே இருப்பது அவர்களுக்குத் தெரியாது. எழுந்து போயிருக்கவேண்டும். போகவில்லை.

"எனுக்கு சுத்தி வளச்சிப் பேச வராது" என்றார் அவர். "உங்க தம்பியாண்ட கேக்கறதுக்கு முன்ன உங்களாண்ட கேக்கணும்னு தோணிச்சி. நீங்க எங்கூட்டுக்கு வரீங்களா?"

மாடு வைக்கோலை இழுக்கும் சத்தம் மட்டும் வந்தது.

"இத்த வுட்டுட்டு நான் எங்கியும் வர்றதில்ல" என்றார் அண்ணி கடைசியில். மாட்டைத்தான் சொன்னார்.

"அது தெரியும். வூட்டாண்ட கொட்டா போட்டுட்டேன். தண்ணித் தொட்டியும் கட்டியாச்சி."

பின்னால் உட்கார்ந்திருந்த நான் வாயைப் பொத்திக்கொண்டேன். பெண் கேட்பதற்கு முன்பே மாட்டுக்குக் கொட்டகை போட்ட மனிதரை அன்றுதான் பார்த்தேன்.

அவர் வந்து கேட்டுவிட்டுப் போன பிறகும் என் கணவருக்கு இது சுலபமாக இறங்கவில்லை. "இந்த வயசுலயா? ஊர்ல இன்னா பேசுவாங்கோ?" என்று இரவுச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனார். அடுத்த நாள் முழுக்க யாரோடும் பேசவில்லை. சாயங்காலம் அண்ணி சும்மா கிடந்த பால் கேனைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய்க் குந்தினார்.

"அக்கா, எனுக்குக் கல்யாணம் ஆனதுக்கு அப்பால உனுக்கு ஒரு எடம் பாக்கணும்னு எனுக்குத் தோணவே இல்ல. நீ பாட்டுக்கு இருந்துக்கினே இருந்த. நானும் அப்டியே வுட்டுட்டேன்."

அண்ணி கேனைத் துடைத்துக்கொண்டே, "அழுவாதடா. பசங்க பாக்கறாங்கோ" என்றார்.

ஆடி கழியட்டும் என்று இருந்து, ஆவணிக் கடைசி முகூர்த்தத்தில் வைத்தோம். காலையில் பழையசீவரம் மலைக்கோயிலில் தாலி கட்டுவது, மத்தியானம் எங்கள் வீட்டு வாசலில் பந்தல் போட்டுச் சாப்பாடு. மேடை, செண்டை மேளம் எதுவும் கூடாது என்று அண்ணி கறாராகச் சொல்லிவிட்டார். "பூ மட்டும் வைக்கறேன் அண்ணி" என்று கெஞ்சினேன்.

"ரோஸ் கலரு, வெள்ள கலரெல்லாம் வாணாம்மே. அதெல்லாம் சின்னப் பொண்ணுங்களுக்கு. எனுக்கு வச்சா பாக்கறவங்கோ சிரிப்பாங்கோ."

"பின்ன இன்னா கலரு?"

தெரு முனையில் ஒரு பாதாம் மரம் இருக்கிறது. அண்ணி நடந்துபோய் அதன் கீழே கிடந்த இலை ஒன்றை எடுத்து வந்து கொடுத்தார். பாதி செம்பு நிறம், பாதி இரத்தச் சிவப்பு, நடு நரம்பு மட்டும் மஞ்சள். "இந்த மாரி. பழுத்த கலரு."

வெளிநாட்டில் ஒரு பருவத்தில் காடு முழுக்க இந்த நிறத்துக்கு மாறும் என்று போனில் படம் பார்த்திருக்கிறேன். நம் பக்கத்தில் அப்படி ஒரு பருவம் கிடையாது. ஆனால் ஆவணிக் கடைசியில், வெயில் கொஞ்சம் தணிந்து மழை இன்னும் பிடிக்காத நாட்களில், தேடினால் அந்த நிறங்கள் எல்லாம் இங்கேயே கிடைக்கும் என்பது அந்த வாரம்தான் எனக்குத் தெரிந்தது. சொர்ணவாரி நெல் அறுப்பு நடந்துகொண்டிருந்தது. அறுக்கிறவர்களிடம் கேட்டுக் கதிரைக் கத்தையாக வாங்கினேன். குரோட்டன்ஸ் இலை பக்கத்து வீட்டு வேலியில். வாழைப்பூவை உரித்தால் உதிரும் மடல் கரும் சிவப்பு. கோழிக்கொண்டைப் பூ எங்கள் தோட்டத்திலேயே. துலுக்க சாமந்திக்குத்தான் அலையவேண்டி வந்தது.

கடையில் வரும் துலுக்க சாமந்தி மாலை கட்டுவதற்கு. காம்பே இருக்காது, தலையை மட்டும் கிள்ளி மூட்டையில் வரும். எனக்கு ஒரு சாண் காம்பாவது வேண்டும். புள்ளலூர் பக்கம் ஒருவர் போட்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டு, என் கணவரின் குட்டியானை லோடு வண்டியில் போனோம். தோட்டக்காரர் முதலில் தலையை ஆட்டிவிட்டார்.

"காம்போட அறுத்தா மொட்டெல்லாம் பூடும்மா. நாளைக்கி நான் இன்னாத்தப் பறிக்கறது?"

"எங்க அண்ணி கல்யாணத்துக்குங்க. நாப்பத்தாறு வயசுல நடக்குது. அவங்களுக்கு இந்தக் கலருதான் வேணும்னு கேட்டிருக்காங்க."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு வரப்பு ஓரமாக நடந்து, தோட்டத்தின் கடைசிப் பாத்திகளைக் காட்டினார். "அது பூத்து ஓய்ஞ்ச செடி. அடுத்த வாரம் ஓட்டிடப் போறேன். செடியோடயே புடுங்கிக்கினு போ. எங்க வூட்டம்மா சார்பா நல்லா இருக்கட்டும்னு சொல்லு." பூக்கள் சின்னதாகத்தான் இருந்தன. ஆனால் வெயிலில் காய்ந்து அடர்ந்த ஆரஞ்சு நிறம். நான் நினைத்ததைவிட அதுதான் பொருத்தம்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் நடைவழியில் கோணிகளை விரித்து உட்கார்ந்தேன். தாழி, ஜாடி எதுவும் வாங்கவில்லை. அண்ணியின் பால் கேன்கள், பெரிதும் சிறிதுமாக ஐந்து இருந்தன. அடியில் பாலாற்றுக் கூழாங்கற்களைப் போட்டுக் கனமாக்கினேன், காற்றுக்குச் சாயக்கூடாது. அதன்மேல் தண்ணீர். கேன் வாய்க்குச் சரியாக வாழைக் கட்டையை நறுக்கி இறுக்கினேன். குடைக்கம்பியால் துளை. முதலில் குரோட்டன்ஸும் பாதாம் இலையும், இடையில் உயரமாக நெற்கதிர், அப்புறம் கோழிக்கொண்டை, கடைசியில் துலுக்க சாமந்தி. ஒரு பக்கமாகக் கொஞ்சம் வழிகிற மாதிரி கனகாம்பரச் சரம்.

மணப்பெண் மருதாணிக் கையோடு வந்து எதிரில் உட்கார்ந்தார். "நீங்க எழுந்து போங்க அண்ணி, கையில ஒட்டிக்கும்" என்றேன். அவர் காதில் வாங்காமல் ஒரு கதிரை எடுத்துக் குத்தினார். இரண்டு பேருமாக இரண்டு கேன்களை முடித்தோம்.

எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "அண்ணி, மாடு அப்டி கெடக்கறப்ப எம்மேல கோவமே வரலியா உங்களுக்கு?"

"வராம? எனுக்குன்னு இருந்தது அது ஒண்ணு தானம்மே. உன்னைப் புடிச்சி நாலு அறை வுடலாமான்னு இருந்திச்சி."

"பின்ன ஏன் ஒரு வார்த்தகூட திட்டல?"

அண்ணி கதிரின் தாளைச் சீவிக்கொண்டே, வானிலை சொல்வது போலச் சொன்னார். "திட்டிட்டு எங்க போவேன்?"

என் கை நின்றுவிட்டது. பதினான்கு வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். ஒரு சண்டை வந்ததில்லை. எங்களைப்போல நாத்தனார், தம்பி பெண்டாட்டி ஒற்றுமை ஊரில் இல்லை என்று எல்லாரும் சொல்வார்கள், நானும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த ஒற்றுமைக்குப் பாதிக் காரணம் இவர் விழுங்கிய வார்த்தைகள் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. எனக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

அண்ணி நிமிர்ந்து பார்த்தார். "இப்ப இன்னாத்துக்கு அழுவுற? இனிமே எனுக்குன்னு ஒரு வூடு கீது. தப்பு பண்ணா நல்லா திட்டுவேன் பாரு. திட்டிட்டு பஸ்ஸப் புடிச்சி போயிடுவேன்."

அழுதுகொண்டே சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். மருதாணி காய்ந்து பொடிப்பொடியாகப் பூக்கள்மேல் உதிர்ந்தது.

அடுத்த நாள் மலைக்கோயிலில் தாலி கட்டும்போது அண்ணி தலையைக் குனியவில்லை. நேராக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்து பந்தலில் இரண்டு நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். இரு பக்கமும் அந்தப் பால் கேன்கள். அண்ணி கட்டியிருந்தது அரக்குப் புடவை. மத்தியான வெயில் கீற்று வழியாக விழுந்தபோது புடவை, இலை, கதிர், பூ எல்லாம் ஒரே சாயத்தில் முக்கி எடுத்தவை போல இருந்தன. பாதாம் இலைகள் சில ஓரத்தில் சுருண்டுவிட்டன. எடுத்துவிடலாமா என்று கை நீட்டினேன். "இருக்கட்டும்மே, நல்லா கீது" என்றார் அண்ணி. சாப்பிட வந்த பெண்கள் முதலில் மணமக்களைப் பார்த்தார்கள், பிறகு கேன்களைப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. சொசைட்டியில் பால் அளக்கும் அம்மா மட்டும், "இது எங்க கேனாச்சே!" என்று சத்தமாகச் சொல்ல, மாப்பிள்ளைதான் முதலில் சிரித்தார்.

சாயங்காலம் மாட்டைக் குட்டியானையில் ஏற்றினோம். அது மிரண்டு கால் உதைத்தது. முன்னால் உட்காரவேண்டிய மணப்பெண், அரக்குப் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு பின்னால் ஏறி மாட்டின் பக்கத்தில் நின்றுகொண்டார். மாப்பிள்ளையும் ஏறினார். வண்டி தெரு திரும்பும்வரை அண்ணியின் கை மாட்டின் முதுகில் இருந்தது.

ஸ்பான்ஜ் இல்லாமல்தான் இப்போதும் வேலை செய்கிறேன். பெரிய மேடைக்காரர்கள் சிலர் என்னைக் கூப்பிடுவதில்லை. வாழைக் கட்டை சீக்கிரம் கறுத்துவிடும், ஒரே நாள் வேலைக்குத்தான் அழகாக இருக்கும், உயரமான வளைவுகளுக்கு ஆகாது. ஆகாததை ஆகாது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கூடை நிறைய வைத்துக்கொடுத்த பூக்களை விழா முடிந்ததும் அப்படியே மாட்டுத் தொட்டியில் கொட்டிவிடலாம் என்று சொன்னால் கிராமத்தில் புரிந்துகொள்கிறார்கள்.

கல்யாணம் முடிந்து இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பழையசீவரம் போனேன். மழை பெய்து ஆற்றில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கொட்டகை சுத்தமாக இருந்தது, மாடு தேறியிருந்தது, சினை பிடித்திருப்பதாகச் சொன்னார்கள். சாப்பாட்டு நேரத்தில் நான் வழக்கம்போல எழுந்து இலை போடப் போனேன். அண்ணியின் வீட்டுக்காரர் என்னைத் தடுத்து, "நீங்க உக்காருங்க" என்று சொல்லிவிட்டு, எங்கள் வரிசையிலேயே அண்ணிக்கும் ஒரு இலை போட்டார். எங்கள் வீட்டில் அண்ணி எல்லாரும் சாப்பிட்ட பிறகு, சமையலறை வாசற்படியில் தட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் சாப்பிடுவார். இங்கே உட்கார்ந்துகொண்டு, கையை எங்கே வைப்பதென்று தெரியாதவர் போல இலையின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றி, "இன்னும் கொஞ்சம்?" என்று கேட்டார்.

அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தார். வெட்கம் முகம் முழுக்க இருந்தது. "ஊத்துங்கோ" என்றார்.